மீன் தொடவில்லை, ரொட்டி காலி

பிசினஸ் கிளாஸ் ஆட்களின் முகம் எனக்குத் தெரியாது. வயிறு தெரியும். பதினாறு வருஷமாக அவர்கள் தின்றது போக மிச்சத்தைச் சுரண்டித் தள்ளுகிறவன் நான். விமானத்தில் ஒரு தடவை கூட ஏறியது கிடையாது. ஆனால் வானத்தில் யாருக்குப் பசி எடுத்தது, யாருக்கு வாய்க்கு விளங்கவில்லை, யார் வெண்ணெயைக் கத்தியால் எடுக்காமல் விரலால் வழித்தார் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. விரல் தடம் கிண்ணத்தில் அப்படியே இருக்கும்.

எங்கள் கட்டடம் விமான நிலையத்துக்குப் பின்னால், ஓடுபாதை வேலியை ஒட்டி இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஒரு பாதியில் சமைக்கிறார்கள், மறு பாதியில் கழுவுகிறோம். நடுவில் சுவர். சமைக்கிற பக்கத்துக்கு வெள்ளை உடுப்பு, கழுவுகிற பக்கத்துக்கு நீல உடுப்பு. நீலம் வெள்ளைக்குள் கால் வைத்தால் அன்றைக்கே எழுதி வாங்கிவிடுவார்கள். என் பெண்டாட்டி வெள்ளை; ரொட்டி அடுப்பில் நிற்கிறாள். அவள் தம்பியும் வெள்ளை. மீனும் கறியும் வேகிற இடத்தில் நிற்கிறான். நான் நீலம். ஒரே குடும்பம், ஒரே கூரை, நடுவில் சுவர். அவர்கள் செய்து அனுப்புவது வானத்தைச் சுற்றிக்கொண்டு கடைசியில் என் கைக்குத்தான் வரும்.

அது வருகிற அழகைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் பறக்கிற விமானம் ஒன்று தினமும் மதியம் கிளம்புகிறது. போய் இறங்குகிற ஊரில் தட்டுக் கழுவக் கூலி அதிகமாம். அதனால் எச்சில் தட்டுகளை டிராலியோடு பூட்டி, திரும்புகிற விமானத்தில் ஏற்றி இங்கேயே கொண்டுவந்துவிடுவார்கள். பாதி உலகம் போய், பாதி உலகம் திரும்பி வந்த மீன். மனிதனுக்கு விசா வேண்டும், முத்திரை வேண்டும். தின்னாத மீனுக்கு ஒன்றும் வேண்டாம். மூன்றாம் நாள் டிராலிக் கதவைத் திறக்கும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். என் கழுத்து அதற்குப் பழகிவிட்டது. வீட்டில் பீரோவைத் திறந்தாலும் இப்போது அப்படித்தான் திருப்புகிறேன்.

போன வருஷம் வரை பிசினஸ் கிளாஸ் சாப்பாடு சுமாராக இருந்தது. குறையாகச் சொல்லவில்லை. தட்டுகள் பாதிக்கு மேல் காலியாக வரும், எங்கள் பெல்ட் தடையில்லாமல் ஓடும். பிறகு யாரோ விமானக் கம்பெனியின் காதில் ஓதியிருக்கிறார்கள், சாப்பாட்டுக்கு ஒரு பெரிய பெயர் வேண்டும் என்று. பெரிய ஓட்டலில் இருந்து ஒரு சமையல் நிபுணரைப் பிடித்துவந்தார்கள். மெனு அட்டையில் அவர் படம். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எங்கள் சமையல்காரர்களும் கைகட்டி நிற்பதுண்டு, மேனேஜர் முன்னால். இவர் நிற்பது வேறு தினுசு. சாப்பிடப் போகிறவன்தான் இவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும் போலிருந்தது.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நுரைக்காரர். எதன் மேலும் நுரை வைப்பார். மீன் மேல் எலுமிச்சை நுரை, சூப்பின் மேல் காளான் நுரை, இனிப்பின் மேல் இன்னதென்று தெரியாத ஒரு நுரை. நான் நாள் முழுக்க நுரையோடு மாரடிக்கிறவன். அதன் ஆயுசு எவ்வளவு என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். காலையில் கிண்ணத்தில் அடைத்த நுரை, குளிர் அறை, லாரி, விமானம் எல்லாம் தாண்டி, பணிப்பெண் கையால் மீன் மேல் விழும்போது, சவரம் பண்ணிவிட்டுக் கழுவாமல் போட்ட கிண்ணத்தின் ஓரம் மாதிரி இருக்கும். மெனுவில் அதற்குப் போட்டிருந்த பெயர் 'கடலின் மூச்சு'. அந்தப் பெயரில் எனக்குக் குறை தெரியவில்லை. மூன்றாம் நாள் டிராலியைத் திறக்கிறவனுக்கு அது மூச்சுதான்.

மீனை அவர் முதலில் செய்து காட்டியது கீழ்த்தளத்தில், ருசி பார்க்கும் அறையில். வெள்ளைத் துணி விரித்த மேசை, மேலே மஞ்சள் விளக்கு. விமானக் கம்பெனிப் பெரியவர்கள் ஆறு பேர் உட்கார்ந்திருக்க, அவரே சுட்டு, அவரே நுரை வைத்து, அவரே கொண்டுபோய் வைத்தார். அடுப்புக்கும் மேசைக்கும் நாற்பது அடி இருக்கும். தின்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்களாம். நாற்பது அடிக்குச் செய்த சாப்பாட்டை ஆறாயிரம் மைலுக்கு அனுப்ப அந்த மேசையிலேயே கையெழுத்தானது.

அன்று அவருக்குக் கையாளாக நின்றவன் என் மைத்துனன். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.

"சார், இதை இங்கயே முழுசா வேகவெச்சிட்டா, மேல விமானத்து ஓவன்ல இன்னொரு தடவை வேகுமே. நாங்க எப்பவும் முக்கால் வேக்காட்டுல எடுத்துருவோம். மிச்சம் மேல வெந்துக்கும்" என்று சொல்லியிருக்கிறான்.

நுரைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி இதுக்கு முன்னாடி எந்த ஓட்டல்ல இருந்தீங்க?"

"ஓட்டல்ல இல்ல சார். பதினோரு வருஷமா இங்கதான்."

"அதான்" என்றார்.

அந்த ஒரு சொல்லோடு முடிந்தது. மறுநாள் அடுப்புக்கு மேலே பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒன்றை ஒட்டினார்கள். மீன் பதினெட்டு நிமிஷம். கீழே நுரைக்காரர் கையெழுத்து. இங்கே பதினெட்டு நிமிஷம், மேலே இருபது நிமிஷம். இரண்டு தடவை வெந்த மீன் எப்படி இருக்கும் என்று தினமும் கையால் எடுத்துப் பார்த்தவன் நான். குழாய் ஒழுகினால் உள்ளே ஒரு வாஷர் போடுவோமே, அதைக் கொஞ்சம் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் என் நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தாறு வயது வரை எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கம்பெனிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ஒருநாள் எங்கள் பிரிவில் ஒருவன் சோப்பு என்று நினைத்துக் கறை எடுக்கிற அமிலத்தை மெஷினில் ஊற்றிவிட்டான். டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது; அவனுக்கு அது ஏதோ பூ வேலைப்பாடு. அவன் முழங்கை வரை வெந்துபோனது. கூடவே முந்நூறு பிசினஸ் கிளாஸ் தட்டுகளின் தங்க விளிம்பும் போய்விட்டது. முழங்கை வெந்ததற்கு ஒரு களிம்பு கொடுத்தார்கள். தங்க விளிம்பு போனதற்கு எங்கள் எல்லாருக்கும் படிப்புக் கொடுத்தார்கள்.

சாப்பாட்டு அறையில் ஆறு மாசம் வகுப்பு. பாதுகாப்பு அதிகாரிதான் வாத்தியார். கடைசி நாளில் ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, "தினமும் ஏதாவது எழுதுங்க. கதை கட்ட வேண்டாம். கண்ணு முன்னாடி என்ன இருக்கோ அதை எழுதுங்க. விட்டா மறந்துரும்" என்றார்.

என் கண் முன்னால் இருப்பது எச்சில். அதை எழுதினேன். டிராலிக் கதவில் அனுப்பிய தேதி போட்ட சீட்டு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து எழுதிக்கொள்வேன். ஒரு நாளைக்கு ஒரு வரி. மீன் இத்தனை, தொடவில்லை இத்தனை, கறி, இனிப்பு, ரொட்டி. பக்கத்தில் கண்ணாடிக் குவளை கழுவுகிற அக்கா ஒருத்தி இருக்கிறாள். வாய்த்துடுக்கு. "எச்சிலுக்கு ஒரு கணக்குப்பிள்ளை! மேல உக்காந்து தின்னவனே மறந்துட்டான், நீர் எதுக்கய்யா ஞாபகம் வெச்சுக்கறீர்?" என்பாள். என் பெண்டாட்டியும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டாள்.

எழுதி எழுதி எனக்கு ஒன்று தெரிந்தது. நுரைக்காரர் வந்த நாளில் இருந்து மீன் தொடவில்லை, தொடவில்லை, தொடவில்லை என்றே வந்தது. ரொட்டி மட்டும் காலி. அது என் பெண்டாட்டி சுடுவது. உள்ளங்கை அளவுதான், மேலே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சாக இருக்கும். ரொட்டி மேல் நுரை நிற்காது, அதனால் அது நுரைக்காரர் கண்ணுக்குத் தப்பியது. மீனை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டாவது ரொட்டி, மூன்றாவது ரொட்டி என்று கேட்டு வாங்கித் தின்றிருக்கிறார்கள், படுக்கை மாதிரி நீட்டுகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகராசன்கள். தூளைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஒன்பதாம் தேதி என் மைத்துனனுக்கு மனசு கேட்கவில்லை. அட்டையை மீறிப் பன்னிரண்டு நிமிஷத்தில் மீனை வெளியே எடுத்துவிட்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அவன் மீன் வைக்கிற எங்கள் சமையல்கட்டு ஓவன் ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிஷம் எரிந்தது என்று ஒரு துண்டுச் சீட்டை அச்சடித்துத் துப்பும். அந்தச் சீட்டுகளை ஒரு பெட்டியில் போட்டுவைப்பார்கள். யாரும் பார்ப்பதில்லை.

பார்க்கிற நாளும் வந்தது. பெரிய மனிதர் ஒருவர் விமானக் கம்பெனிக்குக் கடிதம் போட்டார். 'கத்தி வளைந்தது, மீன் வளையவில்லை' என்று எழுதியிருந்தாராம். எந்தத் தேதியில் பறந்தார் என்று எழுதவில்லை. விமானக் கம்பெனி எங்கள் மேனேஜரைப் பிடித்து உலுக்கியது. மேனேஜருக்கு ஒரு தலை வேண்டும். நுரைக்காரர் தலை ஏற்கெனவே மெனு அட்டையில் அச்சாகிவிட்டது, அதை எடுக்க முடியாது. பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினார்கள். எல்லாச் சீட்டும் பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. ஒன்றே ஒன்று பன்னிரண்டு.

என் மைத்துனனுக்கு ஓலை வந்தது. அட்டையை மீறிச் சமைத்ததால் உணவின் தரம் கெட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை.

வேலை போவது ஒரு பக்கம். வேலையோடு விமான நிலையத்துப் பாஸையும் பிடுங்கிவிடுவார்கள். பாஸ் போனால் அந்த வேலிக்குள் இருக்கிற எந்தச் சமையல் கட்டடத்திலும் அவனை உள்ளே விடமாட்டார்கள். அவனுக்குத் தெரிந்தது இந்தச் சமையல் ஒன்றுதான். மூன்று வயதில் ஒரு பிள்ளை, பெண்டாட்டி வயிற்றில் இன்னொன்று.

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். என் பெண்டாட்டி உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியைத் துணி மேல் வைத்து அழுத்திய அழுத்தில் அவள் மனசு தெரிந்தது.

"ஏன்டா, பதினெட்டுன்னு போட்டிருந்தா பதினெட்டு வைக்க வேண்டியதுதானே? அந்த மீன் என்ன உனக்கு மாமனா மச்சானா, அதுக்கு வக்காலத்து வாங்க?"

"நல்ல மீன் அக்கா. கையில எடுத்தா அப்படி இருக்கு. தெரிஞ்சே அதைக் கெடுன்னா எப்படிக் கெடுக்கறது?"

"இப்ப உன்னைக் கெடுக்கப் போறாங்களே, அது பரவாயில்லையா?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அன்னிக்கு டிராலி உங்ககிட்டதானே வந்திருக்கும்? உங்க எச்சில் நோட்டுல என்ன போட்டிருக்கு?"

கட்டிலுக்கு அடியில் இருந்து நோட்டை எடுத்தேன். விரலை வைத்துத் தேடினேன். "ஒன்பதாம் தேதி. மீன் இருபத்தாறு. காலி இருபத்திரண்டு."

மைத்துனன் எழுந்து வந்து நோட்டை எட்டிப் பார்த்தான்.

"இன்னொரு தடவை படிங்க மாமா" என்றான் அவன்.

படித்தேன். அவன் கண் கலங்கிவிட்டது. வேலை தப்பிக்கும் என்கிற சந்தோஷம் என்று நினைத்தேன். இல்லை. "அந்த நாலு பேருக்கு ஏன் மாமா பிடிக்கலை?" என்றான்.

"தூங்கியிருப்பாங்கடா!" என்று அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள் அக்காக்காரி. பிறகு என்னிடம், "நாளைக்கு இதைக் கொண்டுபோய் அவங்க முன்னாடி படிங்க" என்றாள்.

"நானா? ஆபீஸ் ரூம்லயா? நோட்டைக் கொடுத்துடறேன், அவங்களே படிச்சுக்கட்டும்."

"கோழி கிளறினா மாதிரி இருக்கு. இதை உங்களைத் தவிர எந்த மனுஷன் படிக்க முடியும்?"

மைத்துனன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, மீனை மட்டும் படிங்க. படிச்சிட்டு டக்குனு நோட்டை மூடிருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

சரி என்றேன். சொன்னேனே தவிர, என் வியாதி எனக்குத் தெரியும். எனக்கு நடுவரியில் நிறுத்த வராது. விரலை வைத்துத் தள்ளிக்கொண்டே போகிறவன் நான். விரல் நின்றால் கண் தொலைந்துவிடும். மறுபடி வரியின் தலைக்குப் போய்த்தான் வரவேண்டும்.

மறுநாள் காலை ஆபீஸ் ரூம். நீல உடுப்போடு உள்ளே வரக்கூடாது என்று ஒரு வெள்ளைக் கோட்டைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பதினாறு வருஷத்தில் முதல் தடவை நான் வெள்ளை. உள்ளே எலும்பு வரைக்கும் குளிர். பளபளவென்று ஒரு மேசை, நடுவில் ஒரு தட்டில் பிஸ்கட். பழக்க தோஷம், எண்ணிவிட்டேன். பன்னிரண்டு பிஸ்கட், தொடவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். எங்கள் மேனேஜர். விமானக் கம்பெனியில் இருந்து கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு அம்மா. மூன்றாவது ஆளை எனக்கு அட்டைப்படத்தில் தெரியும். நேரில் ஒரு சாண் குட்டை. கையை மட்டும் படத்தில் இருந்தபடியே கட்டியிருந்தார்.

மேனேஜர் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். "பன்னிரண்டு நிமிஷம். நீ வெச்சதுதானே?"

"நான்தான் சார்."

"அப்புறம் என்ன? முடிஞ்சுது."

"அன்னிக்கு அனுப்பின மீனைச் சாப்பிட்டாங்களா இல்லையான்னு கேளுங்க சார். எங்க மாமா எழுதி வெச்சிருக்காரு."

"யாரு உங்க மாமா?"

"இவருதான். தட்டுக் கழுவற பக்கம்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். தினமும் வாசலில் நான் வணக்கம் வைக்கிற ஆள். இன்றைக்குத்தான் என்னை முதலில் பார்க்கிறார் போல இருந்தது. "எச்சிலை எல்லாம் சாட்சிக்குக் கூப்பிட முடியுமாப்பா?" என்று சிரித்தார்.

கறுப்புக் கோட்டு அம்மா சிரிக்கவில்லை. "எத்தனை நாளா எழுதறீங்க?"

"ஏழு மாசமா, தினமும்மா."

"படிங்க."

விரலை வைத்தேன். "ஏழாம் தேதி. மீன் இருபத்துநாலு. தொடவில்லை இருபது. நுரை ஒட்டிக்கிடக்கிறது. கறி பாதி. இனிப்பு பாதி. ரொட்டி காலி. எட்டாம் தேதி. மீன் இருபத்தேழு. தொடவில்லை இருபத்துமூன்று. நுரை ஒட்டிக்கிடக்கிறது. கறி பாதி. இனிப்பு தொடவில்லை. ரொட்டி காலி." குளிரிலும் எனக்கு முதுகு வியர்த்தது. "ஒன்பதாம் தேதி. மீன் இருபத்தாறு. காலி இருபத்திரண்டு..."

மேசைக்கு அடியில் என் மைத்துனன் என் காலை மிதித்தான். எனக்குத் தெரிந்தது. விரலுக்குத் தெரியவில்லை.

"...நுரை ஒட்டிக்கிடக்கிறது. கறி பாதி. இனிப்பு பாதி. ரொட்டி பாதிக்கு மேல் மிச்சம்."

நோட்டை மூடினேன்.

அந்த அம்மா சீட்டையும் என் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படின்னா அட்டைப்படி செஞ்ச நாள்ல யாரும் சாப்பிடலை. இவர் அட்டையை மீறின அன்னிக்கு மட்டும் சாப்பிட்டிருக்காங்க" என்றார்.

மேனேஜர் மேல்கூரையைப் பார்த்தார். நுரைக்காரர் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கைக்கு விரல்கள் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நிமிஷம் அந்த அறையில் என் மைத்துனன்தான் சமையல்காரன். மற்றவர்கள் எல்லாம் சாப்பிட வந்தவர்கள்.

ஒரே நிமிஷம்.

"கடைசியா என்னமோ படிச்சீங்களே" என்றார் நுரைக்காரர். "ரொட்டி என்ன ஆச்சு?"

என் மைத்துனன் என்னைப் பார்த்தான். பொய் சொல்லியிருக்கலாம். என் கோழிக் கிளறலை யார் படித்துக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? தோன்றவில்லை. எழுதியதை எழுதியபடி படிக்கத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். "பாதிக்கு மேல் மிச்சம் சார்" என்றேன்.

"மத்த நாள்ல?"

"காலி சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கை மெதுவாக மறுபடி கட்டிக்கொண்டது. "இதைத்தான் நான் முதல்ல இருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார். சொன்னதாக எனக்குத் தெரியாது. "என்னோட சாப்பாடு ஒரு பயணம். வாசல்லயே ரொட்டியைக் கொடுத்து வயித்தை அடைச்சிட்டா, வந்தவர் உள்ள எப்படி வருவாரு? தினமும் ரொட்டியைத் தின்னுட்டு மீனை விட்டிருக்காங்க. ஒன்பதாம் தேதி ரொட்டியை விட்டிருக்காங்க, மீனைத் தின்னிருக்காங்க. நிமிஷத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ரொட்டிதான் குற்றவாளி."

மேனேஜருக்கு உயிர் திரும்பி வந்தது. "கரெக்ட் சார்! ரொட்டிதான்."

"சார், அன்னிக்கு மீன் நல்லா இருந்துச்சு, அதான் ரொட்டியை விட்டாங்க" என்று என் மைத்துனன் வாயைத் திறந்தான்.

மேனேஜர் அவன் பக்கம் குனிந்து தணிந்த குரலில் கேட்டார். "உன் பாஸ் உன் சட்டையில இருக்கா?"

"இருக்கு சார்."

"இருக்கட்டும். போ."

நான் அந்தக் கறுப்புக் கோட்டு அம்மாவைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. சத்தியம் பண்ணுவேன். ஆனால் நுரைக்காரரைப் பிடித்துவந்தவர்கள் அவருக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறவர்கள். அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்தார், ஓரத்தைக் கடித்தார், வைத்துவிட்டார். "ஒன்பதாம் தேதி தரம் கெடலைன்னு ஆயிடுச்சு. அவர் மேல இருக்கற குற்றச்சாட்டை எடுத்துடுங்க" என்றார். அந்த அளவுக்கு அவருக்கு மனசு இருந்தது. மற்றபடி மூன்று பேரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். மீன் பதினெட்டு நிமிஷம். ரொட்டி கிடையாது.

வெளியே வந்ததும் என் மைத்துனன் என்னைக் கட்டிக்கொண்டான். பிறகு விட்டுவிட்டு, "அக்காகிட்ட யாரு மாமா சொல்றது?" என்றான்.

நான்தான் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "மீனை மட்டும் படிங்கன்னு சொன்னானா இல்லையா?" என்றாள். அதன் பிறகு பேச்சில்லை.

அந்த விமானத்துக்கு ரொட்டி நின்றதும் ரொட்டிப் பிரிவில் ஆள் மிஞ்சிவிட்டார்கள் என்று அவளைக் குளிர் அறைக்கு மாற்றினார்கள். பதினான்கு வருஷம் அடுப்பின் சூட்டில் நின்றவள். இப்போது பஞ்சு வைத்த கோட்டுக்குள் இருந்துகொண்டு, மூக்கு ஒழுக, ஒரு சின்ன இடுக்கியால் ஒவ்வொரு மீன் தட்டுக்கும் மூன்று இலை வைக்க வேண்டும். நாலு வைத்தால் தப்பு. மீனை வேகவைப்பவன் தம்பி, இலை வைப்பவள் அக்கா, குப்பையில் தள்ளுபவன் நான். குடும்பத் தொழில்.

"மச்சினனைச் சூட்டுல காப்பாத்திட்டு, பொண்டாட்டியைக் குளிர்ல வெச்சிட்டீரே! நல்ல நீதிபதிய்யா நீர்" என்றாள் கண்ணாடிக் குவளை அக்கா. நான் தட்டைச் சுரண்டினேன்.

வீட்டில் சாப்பாடு வைப்பாள். தட்டு சத்தம் போடும், அவள் போடமாட்டாள். இரண்டு வார்த்தைக்கு மேல் தேவைப்பட்டால் தம்பிக்கு போன் போட்டு, என் காதில் விழும்படி அவனிடம் சொல்வாள். எட்டு நாள் இப்படியே போனது.

ஒன்பதாம் நாளும் ரொட்டி இல்லாமல் போன டிராலிகள் திரும்பி வந்தன. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கதவைத் திறந்தேன். மேல் தட்டை இழுத்தேன். மீன் அப்படியே கிடக்கிறது. மூன்று இலையும் வாடிப்போய் அதன் மேலேயே கிடக்கின்றன. பக்கத்தில் கசக்கிப்போட்ட ஒரு பழுப்புக் காகிதப் பை. அடுத்த தட்டு: மீன், இலை, காகிதப் பை. அதற்கு அடுத்ததும் அப்படியே. பையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ரொட்டித் தூள். பையின் மேல் அச்சடித்திருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். விமான நிலையத்துக்குள், ஏறுகிற வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற பன் கடை. உள்ளே ரொட்டி கிடையாது என்கிற சேதி அடிக்கடி பறக்கிறவர்களுக்குள் அதற்குள் பரவியிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கண்ணாடிக் குவளை அக்கா குவளையைப் போட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தாள். தங்க விளிம்புத் தட்டு, மடித்து வைத்த வெள்ளைத் துணி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவரின் படம் போட்ட அட்டை. அதற்கு நடுவில், வரிசையில் நின்று வாங்கி, கோட்டுப் பைக்குள் ஒளித்து எடுத்துக்கொண்டு போய்த் தின்ற பன். "பள்ளிக்கூடத்துக்குத் தின்பண்டம் திருட்டுத்தனமா கொண்டுபோற மாதிரியில்ல இருக்கு" என்றாள். பையை வெளியே எடுத்துப்போகக் கூடாது. எச்சில் டிராலியில் இருந்து எதையும் எடுக்கக் கூடாது என்பது சட்டம். எழுதிக்கொள்ளத் தடை இல்லை.

சாயங்காலம் நோட்டை விரித்து அவள் முன்னால் வைத்தேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். என்னைத் தவிர ஒருவராலும் படிக்க முடியாது என்றவள், ஒரே பார்வையில் படித்துவிட்டாள். 'மீன் இருபத்தைந்து. தொடவில்லை இருபத்தைந்து. பன், வெளியில் வாங்கியது, பத்தொன்பது. காலி.'

"எந்தக் கடைது?" என்று கேட்டாள். எட்டு நாளைக்குப் பிறகு என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

சொன்னேன்.

"ஐயே, அதுவா! அது முந்தின நாள் சுட்டதாச்சே. கல்லு மாதிரி இருக்கும். அதையா தின்னாங்க?" அவள் உதடு பிரிந்தது. தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பும் ஜலதோஷமும் சேர்ந்து கொஞ்ச நேரம் மூச்சுத் திணறினாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு நோட்டை மூடி, கட்டிலுக்கு அடியில், சுவரை ஒட்டி, என் கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளினாள்.

"இதைக் கொண்டுபோய் எங்கயும் படிச்சு வெச்சுடாதீங்க" என்றாள். "பாவம், அந்தப் பன் கடைக்காரனாவது பிழைச்சுப் போகட்டும்."